இரண்டாவது நிமிடம்

அந்த விஷயத்தை மகளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் ஈஸ்வரமூர்த்தி திருச்செங்கோட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எப்படிச் சொன்னாலும் கடைசி வார்த்தைக்கு வரும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர் அவர். இரும்போடு மல்லுக்கட்டியே பழகியவருக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் வராது.

மகள் தங்கிப் படிக்கிற நுழைவுத் தேர்வுப் பயிற்சிப் பள்ளியில் அன்று பெற்றோர் வந்து பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை. கூடம் முழுக்கக் கல்யாண வீட்டுக் கூட்டம். தூக்குப்போசியைத் திறந்து பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஊட்டிவிடுகிற அம்மாக்கள் ஒரு பக்கம். மாதிரித் தேர்வில் பிள்ளை எடுத்த மார்க்கை, யாரும் கேட்காமலேயே பக்கத்து ஆளிடம் சொல்கிற அப்பாக்கள் ஒரு பக்கம். ஈஸ்வரமூர்த்தி மகளைக் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தடி பெஞ்சுக்குப் போனார்.

"அம்மாவுக்கு அந்தக் கட்டி மறுபடியும் வந்திருச்சு கண்ணு. இந்தத் தடவை ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாரு கோயமுத்தூர் டாக்டரு. வலி தெரியாம பாத்துக்கலாம், அவ்வளவுதான்னு சொல்லிட்டாரு."

நேத்ராவின் முகம் கசங்கியது. அப்பாவின் சட்டையை நெஞ்சுக்கு நேராகக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். விசும்பலில் உடம்பே குலுங்கியது. ஈஸ்வரமூர்த்தி அவள் தலையில் கையை வைத்தார். எப்படியோ சொல்லிவிட்டோம், இனி சேர்ந்து அழுவதுதான் பாக்கி என்று அவருக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது.

பாதி விசும்பலில் அழுகை நின்றது. அடங்கி அடங்கி நிற்கவில்லை. குழாயை மூடியதுபோல நின்றது. நேத்ரா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சாப்டீங்களாப்பா? வெயில்ல வந்திருக்கீங்க," என்றாள். பிறகு போசியைத் திறந்து முட்டைக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பசியோடு சாப்பிட்டாள். போன வார மாதிரித் தேர்வில் ஐந்து கேள்விதான் தவறியது என்றாள்.

பிள்ளைக்குச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

"நாஞ் சொன்னது வெளங்குச்சா சாமி? அம்மா இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் நம்மகூட இருப்பா."

மறுபடியும் அவள் முகம் கசங்கியது. சட்டையில் அதே இடத்தை அதே மாதிரிப் பிடித்தாள். அதே விசும்பல், அதே குலுக்கல். பிறகு மறுபடியும் எல்லாம் நின்றது. "சட்டையை நனச்சுட்டனேப்பா," என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

மூன்றாவது முறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அந்தப் பள்ளியில் இயற்பியலுக்கு ஒரு சார், வேதியியலுக்கு ஒரு சார், உயிரியலுக்கு இரண்டு மிஸ். இவர்களெல்லாம் சாதாரணம். பள்ளிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் டைமிங் மிஸ் ஹெப்சிபா. நாகர்கோவில்காரர். எந்தப் பாடமும் எடுக்க மாட்டார். தெரிந்ததை எவ்வளவு நேரத்தில் எழுதுவது, தெரியாததை எவ்வளவு சீக்கிரம் விடுவது என்பது மட்டும்தான் அவர் வேலை. அவர் அறையில் போய் ஈஸ்வரமூர்த்தி உட்கார்ந்தார்.

"எம் புள்ளைக்கு என்ன ஆச்சுங்க மிஸ்?"

ஹெப்சிபா அவர் சட்டையில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அவளுக்கு ஒண்ணும் மறந்து போகலை சார். நீங்க சொன்னது எல்லாம் நினைவிருக்கு. பொட்டு என்ன செய்யும்னு சேர்க்கும்போதே சொன்னேன் இல்லையா?"

சொன்னார்தான். பொட்டு என்பது சனங்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. காதுக்குப் பின்னால், முடி மறைக்கிற இடத்தில், கறுப்பாக ஒட்டியிருக்கும் சின்னக் கருவி. முதலில் பெரிய ஊர்ப் பிள்ளைகள் சிலர் ஒட்டிக்கொண்டு வேகமானார்கள். வேகமான பிள்ளைகளைச் சலித்தெடுக்க, மருத்துவ நுழைவுத் தேர்வு நடத்துகிறவர்கள் கேள்விகளை முன்னூறாக்கினார்கள். நேரத்தை மட்டும் கூட்டவில்லை. அதற்குப் பிறகு பொட்டில்லாத பிள்ளை தாளை முடிக்கவே முடியாது என்று ஆயிற்று. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தாமலேயே எல்லாப் பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டார்கள்.

நேத்ரா போன வருஷம் பொட்டில்லாமல்தான் எழுதினாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. கப்பியும் கயிறுமாக ஒரு இயற்பியல் கேள்வி வந்தது. நாலு விடையில் இரண்டு சரியாக வந்தது அவளுக்கு. அதெப்படி இரண்டு சரியாக இருக்கும் என்று அங்கேயே நின்றுவிட்டாள். பட்டறையில் ஒரு கதவு கேபினோடு சேராவிட்டால் சாப்பாட்டை மறந்து அதையே தட்டிக்கொண்டிருக்கிற மனிதரின் மகள், வேறெப்படி இருப்பாள். கடைசியில் நிறைய கேள்விகளைத் தொடாமலேயே தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். பிற்பாடு அந்தக் கேள்வியே தப்பு, இரண்டு விடையும் சரிதான் என்று அறிவித்து எல்லோருக்கும் மார்க் போட்டார்கள். அவள் அங்கே நின்ற நேரத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

"எல்லாக் கேள்விக்கும் ஒரே மார்க்குதான் சார்," என்றார் ஹெப்சிபா. "கஷ்டமான கேள்வியோட சண்டை போடுற பிள்ளைக்கு யாரும் கூடுதலா மார்க் போடுறதில்லை. மனசு முன்னால போய்க்கிட்டிருந்தா பொட்டு தொடாது. விடை கிடைக்காம ஒரே எடத்துல சுத்த ஆரம்பிச்சா, ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மியா பொறுத்துப் பார்க்கும். அப்புறம் விடுவிச்சிரும். ஒரு கேள்விக்கு அவ்வளவுதானே கிடைக்குது."

"அவ அம்மா கேள்வி இல்லீங்களே மிஸ்."

ஹெப்சிபா மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார்.

"அந்த வித்தியாசம் அதுக்குத் தெரியாது சார். விடையில்லாம சுத்துற மனசு எல்லாம் அதுக்கு ஒண்ணுதான்."

"இப்பவே கழட்டிப்போட்டா?"

"பாதியில கழட்டினா பிள்ளை தடுமாறிப் போகும். இந்த வருஷமும் போயிரும். தேர்வு ஹால்ல சோதனை போடுவாங்க, அதனால முந்தின நாள் எப்படியும் கழட்டித்தான் ஆகணும். அதுக்குள்ள மனசு தானா பழகிரும்."

"கழட்டினதுக்கு அப்பறம் பழையபடிக்கு ஆயிருவாளுங்களா?"

"ஆயிரும்னுதான் கம்பெனிக்காரங்க சொல்றாங்க."

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். ஒரு ஆங்கிள் இரும்பு வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்கி, தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து வாங்குகிற மனிதர், அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. எழுந்து வெளியே வந்து மகளிடம்தான் கேட்டார்.

"கழட்டிரலாமா கண்ணு? படிப்பு கெடக்குது. வீட்டுக்கு வந்து அம்மாகூட இரு."

நேத்ரா சிரித்தாள். சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்கிற சிரிப்பு.

"வேண்டாங்கப்பா. தெரியாத கேள்வியில நிக்கக் கூடாது. குறி வெச்சுட்டு முன்னாடி போயிறோணும். எல்லாம் முடிஞ்சதுக்கு அப்பறம் ரெண்டாவது சுத்துல திரும்பி வந்து நிதானமா பாத்துக்கலாம். அம்மாவை நான் ரெண்டாவது சுத்துக்கு வெச்சிருக்கேன்."

அன்போடுதான் சொன்னாள். அதில் அவருக்குச் சந்தேகமில்லை.

வீட்டில் மனைவி கோகிலா கட்டிலில் சாய்ந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் பத்து ஆட்களை ஒரு பார்வையில் மேய்த்தவள். இப்போது பாதியாக இளைத்துத் தலையணைக்குள் புதைந்திருந்தாள்.

"சொன்னீங்களா? அழுதாளா?"

"அழுதா."

"ரொம்ப அழுதாளா?"

"ரெண்டு தடவை அழுதா," என்றார் ஈஸ்வரமூர்த்தி. அது பொய்யில்லை.

"பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் நான் இருந்துக்கறேன்," என்றாள் கோகிலா, யாரோ வரும் வரைக்கும் கடையைத் திறந்து வைத்திருப்பதாகச் சொல்கிற மாதிரி. சொன்னபடி இருக்கவும் செய்தாள். எப்படி இருந்தாள் என்பது டாக்டருக்கே விளங்கவில்லை.

தேர்வன்று வெளியே வந்த பிள்ளைகள் ஒருவர் முகத்திலும் கலக்கமில்லை. முந்தைய காலத்தில் தேர்வு மையத்து வாசலில் எப்படியும் நாலைந்து பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கும். இப்போது எல்லோரும் துடைத்து வைத்த முகத்தோடு வந்து அப்பா அம்மாவோடு வண்டி ஏறினார்கள். பெற்றோருக்கு அதில் பெருமை. காதுக்குப் பின்னால் பொட்டிருந்த இடத்தில் நேத்ராவுக்குத் தோல் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஈஸ்வரமூர்த்தி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேத்ரா எல்லா வேலையையும் கையில் எடுத்துக்கொண்டாள். எந்த மாத்திரை எப்போது என்று அவளுக்கு மனப்பாடம். படுக்கை விரிப்பு தினம் மாறியது. வலிக்கு ஒட்டுகிற பட்டை கிடைக்கவில்லை என்று அப்பா ஒரு வாரமாகப் புலம்பியதை, நாலு போன் போட்டு மத்தியானத்துக்குள் வரவழைத்தாள். விடை இருக்கிற எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

விடை இல்லாதது ஒன்றுதான் இருந்தது.

"நேத்ரா, இங்க வந்து உக்காரு," என்பாள் கோகிலா. "எனக்குப் பயமா இருக்குது கண்ணு."

நேத்ரா உட்கார்ந்து கையைப் பிடிப்பாள். கண் நிறைந்து வழியும். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து விசும்புவாள். பிறகு பிடித்த கை தளரும். "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று எழுந்து போய்விடுவாள். பொட்டு இல்லை. ஆனாலும் போய்விடுவாள்.

கோகிலா இதை நாலைந்து தடவை பார்த்தாள். பிறகு ஒரு மத்தியானம் மகளைக் கூப்பிட்டு வலது கையை நீட்டினாள்.

"இந்தக் கட்டை விரல் நெகத்தை வெட்டி விடறயா?"

நேத்ரா நகவெட்டியை எடுத்து வந்து வெட்டினாள். முடித்துவிட்டு எழப் போனாள்.

"இந்த ஆள்காட்டி விரல்ல என்னமோ பிசிறா இருக்குது பாரு."

அதையும் வெட்டினாள்.

"நடுவிரல் உனக்கு எப்படித் தெரியுது? கோணலாட்ட இல்ல?"

ஒவ்வொரு விரலும் ஒரு புதுக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நிச்சயமாக ஒரு விடை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஈஸ்வரமூர்த்திக்கு விஷயம் புரிய இடது கை வரைக்கும் ஆயிற்று. கை முடிந்ததும் கோகிலா போர்வைக்குள்ளிருந்து காலை எடுத்து நீட்டினாள். மகள் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தைக் கவனமாக வெட்டினாள். அவள் உச்சி வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள் கோகிலா. அன்றைக்கு வெயில் இறங்குகிற வரைக்கும் மகள் பக்கத்திலேயே இருந்தாள்.

மறுநாள் ஒரு முறம் நிலக்கடலை வந்தது. ஒவ்வொன்றாக உடைத்துக் கொடுக்கச் சொன்னாள், இது சொத்தையா பார், இது முத்தலா பார் என்று. கோகிலாவால் ஒரு கடலைகூடத் தின்ன முடியாது. அடுத்த நாள் பழைய ஜாக்கெட்டில் கொக்கி தைக்கிற வேலை. இப்படியே மத்தியானங்களைத் துண்டு துண்டாக நறுக்கி மகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து, மகள் குளிக்கப் போன நேரத்தில், தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்.

"நெகம் வளர மாட்டீங்குதுங்க."

ஈஸ்வரமூர்த்தி வெளியே போய் மோட்டார் ரூமில் நின்று அழுதுவிட்டு வந்தார்.

"எனக்குப் பயமா இருக்குதுன்னு இனி அவகிட்டச் சொல்ல மாட்டேன்," என்றாள் கோகிலா. "ஒவ்வொரு தடவையும் மொதத் தடவை கேக்கறாப்பல அழுவுது புள்ள. பாவமா இருக்குது. உங்ககிட்டச் சொல்லிக்கறேன். நீங்க கேட்டுக்கங்க."

அவர் கேட்டுக்கொண்டார். அவளுக்கு எதிலெல்லாம் பயம் என்பதை அவர் ஒருவர்தான் கேட்டார். விடிகாலையில் தனியாக விழித்துக்கொள்வதற்குப் பயம். ஆஸ்பத்திரி வாசனைக்குப் பயம். செத்த பிறகு தன் குரல் எப்படி இருந்தது என்பது மகளுக்கு மறந்துவிடுமோ என்று பயம். எதற்கும் அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாமலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் பயிற்சிப் பள்ளிக்கே போய்விட்டார். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் வந்து கூடம் நிறைந்திருந்தது.

"கழட்டி மாசக்கணக்காச்சுங்க மிஸ். பழையபடிக்கு ஆகலை. செரி, அது போகட்டும். ரெண்டாவது சுத்துல வருவேன்னு சொன்னா. அது எப்பத்தானுங்க வரும்? அவ அம்மாவுக்கு நாள் இல்லீங்க."

ஹெப்சிபா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ரெண்டாவது சுத்துக்கு நாங்க பயிற்சியே குடுக்கிறதில்லை சார்."

"அவ சொன்னாளுங்களே. குறி வெச்சுட்டுப் போயி..."

"குறி வைக்கச் சொல்லிக் குடுப்போம். திரும்பி வரலாம்னு சொல்லிக் குடுப்போம். ஆனா முன்னூறு கேள்வியில முதல் சுத்து முடியும்போதே மணி அடிச்சிரும். இத்தனை வருஷத்துல திரும்பி வந்த பிள்ளைன்னு ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. திரும்பி வருவோம்ங்கிற நம்பிக்கை இருந்தாத்தான் பிள்ளைங்க கேள்வியை விடும் சார். அதுக்காகச் சொல்றது."

"அப்ப பொய்யுங்களா?"

"பொய்னு நினைச்சு நான் சொன்னதில்லை," என்றார் ஹெப்சிபா. அந்த அம்மாள் கண்ணிலும் நீர் நின்றது. அதற்கு மேல் ஈஸ்வரமூர்த்திக்குக் கோபப்படவும் தெம்பில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

அந்த வாரமே ஒரு காலையில் கோகிலா போய்விட்டாள். நேத்ரா அப்போது அவளுக்காகக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சாவு வீட்டை நேத்ராதான் நடத்தினாள். ஐஸ் பெட்டிக்குச் சொன்னது, ஒறம்பரை சொந்தங்களுக்குப் போன் போட்டது, பந்தல், நாற்காலி, வந்தவர்களுக்குக் காப்பி, எல்லாம் அவள்தான். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது அவளும் நெஞ்சு வெடிக்க அழுதாள். அழுதுகொண்டிருந்தவள் எழுந்து போய் நாற்காலி போதுமா என்று பார்த்தாள். அடுத்த ஊர்க்காரர்கள் வந்து இறங்கியதும் மறுபடி அழுதாள். ஆம்பளைப் புள்ளையாட்டம் நின்னு செய்யறாளே என்று ஊரே மெச்சியது. ஈஸ்வரமூர்த்தி மகளைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

ரேங்க் வந்தது. அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே பயிற்சிப் பள்ளி வைத்த பெரிய பேனரில் நேத்ராவின் படம் மூன்றாவது வரிசையில் இருந்தது. அந்தப் படத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியான, துடைத்து வைத்த முகம்.

மகள் விடுதிக்குப் போன பிறகு ஈஸ்வரமூர்த்தி தன் துக்கத்தோடு தனியாக இருந்தார். அதற்கு யாரும் நேரம் குறிக்கவில்லை. முதல் மாதம் கட்டிலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அடுத்த மாதம் பட்டறைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார். மார்கழி வாக்கில் ஒரு நாள், கோகிலா ஒரு வெல்டரைத் திட்டிய திட்டு நினைவுக்கு வந்து தன்னையறியாமல் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக அழுதார். ஆனால் அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. வலி அங்கேயேதான் இருந்தது. கொஞ்சம் பழகிய வலியாக, வீட்டு மனுஷி போல ஆகியிருந்தது.

பொங்கல் விடுமுறைக்கு நேத்ரா வந்தாள். கதவைத் திறந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு, அம்மா செத்த செய்தியை அப்போதுதான் கேட்டதுபோல அழுதாள். பிறகு நின்றது. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிடும்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுபடி அழுதாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. நின்றதும் அள்ளிச் சாப்பிட்டாள். இப்படியே ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று சொல்ல முடியாது. ஈஸ்வரமூர்த்தி கண்வலி என்று சொல்லி வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தார். பட்டறையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைக்க முடியும்.

"நாள் போகப் போகக் கொறையலையா கண்ணு?" என்று கேட்டார் கடைசியில்.

நேத்ரா இல்லை என்று தலையை ஆட்டினாள். அதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை இருந்தது. நிறைய நாள் யோசித்து, துண்டு துண்டாகச் சேர்த்த வார்த்தையாக இருக்க வேண்டும்.

"கொறையறதுக்கு அங்க நிக்கோணும்லப்பா. அம்மா நெனப்பு வந்தா, இப்பத்தான் யாரோ போன் பண்ணிச் சொன்னாப்பல இருக்குது. அப்பறம் போயிருது. மறுபடி வந்தா மறுபடியும் இப்பத்தான் சொன்னாப்பல. எப்பப் பாத்தாலும் அந்த மொத நிமிஷம்தான். ரெண்டாவது நிமிஷம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியலை. உங்க மூஞ்சியைப் பாத்தா இன்னும் எச்சா வருது. அதுக்காகப் பாக்காமயும் இருக்க முடியலையே."

சொல்லி முடிக்கவும் அழுகை வந்தது. பிறகு நின்றது.

அன்று முழுக்க ஈஸ்வரமூர்த்தி யோசித்தார். பிள்ளையின் மனதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. தன் முகத்தில் எழுதியிருப்பதை அழிக்க மட்டும் ஒரு வழி இருந்தது. மறுநாள் மகளைக் கல்லூரியில் விடப் போகிற வழியில் பயிற்சிப் பள்ளி வாசலில் காரை நிறுத்தினார். நேத்ராவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"எனக்கு ஒண்ணு ஒட்டி விட்டுருங்க மிஸ்."

ஹெப்சிபா ஆச்சரியப்படவில்லை. "இந்த மாசம் இப்படி வந்து கேட்கிற அப்பா நீங்க மூணாவது சார்," என்றார். "எல்லாரும் பிள்ளைக்காகத்தான் கேட்கிறாங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுக்கங்க. நீங்க உங்க துக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா முன்னால போய்க்கிட்டிருக்கீங்க. அது இதுக்குத் தெரியாது. உங்க மனசு அதிகமா போய் நிக்கிற எடத்தைத்தான் இது முதல்ல கத்துக்கும்."

"தெரியுமுங்க."

"அவங்களைப் பத்தி நின்னு நினைக்க அப்புறம் யாரும் இருக்க மாட்டாங்க சார்."

இந்தத் தடவை ஈஸ்வரமூர்த்தி கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தது. பிறகு தலையைச் சாய்த்து, காதுமடலை மடக்கிப் பிடித்துக்கொண்டார். ஒட்டும்போது எறும்பு கடித்தது மாதிரிகூட வலிக்கவில்லை.

கார் சேலம் ரோட்டில் ஏறியது. நேத்ரா பக்கத்து சீட்டில் இருந்தாள். அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். அழுகை வரவில்லை. இன்னொரு தடவை, இப்போது நேராகத் திரும்பிப் பார்த்தாள். வரவில்லை. அவள் தோள் மெல்ல இறங்கியது. நெடுநாள் சுமந்த மூட்டையை இறக்கிவைத்த மாதிரி சீட்டில் சாய்ந்துகொண்டாள். எதிரே பாடி கட்டாத லாரி ஒன்று, என்ஜினும் சக்கரமும் ஒரு பலகை சீட்டுமாக, டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிவர, கடந்து போனது.

"இந்த மாதிரி வெறும் சேசிஸ்ல உங்க அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கறேன், தெரியுமா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "கல்யாணமான புதுசு. ஓசூர்ல வண்டி எடுக்கப் போனேன். நானும் வருவேன்னு ஒரே அடம். மேல கூரை இல்லை, முன்னால கண்ணாடி இல்லை. முந்தானையைத் தலையில இறுக்கிக் கட்டிட்டு, எங் கூலிங் கிளாசைப் புடுங்கி மாட்டிட்டு, ராணியாட்ட உக்காந்துட்டா. ரோட்டுல போறவனெல்லாம் பாத்துச் சிரிக்கறான். அவளும் கை காட்டறா. தொப்பூர்க் கணவாயில வந்து மழை புடிச்சிருச்சு. ஒதுங்க எடமில்லை. தொப்பலா நனைஞ்சுட்டே எறங்கறோம். அப்ப எங் காதுகிட்ட வந்து உங்க அம்மா ஒண்ணு சொன்னா பாரு."

நேத்ரா சீட்டில் நிமிர்ந்தாள். அம்மாவைப் பற்றி இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதே இல்லை. அம்மா சாவதற்கு முன்னால், அவள் பிறப்பதற்கும் முன்னால், மழையில் சிரித்துக்கொண்டு வருகிற ஒரு அம்மா. என்ன சொன்னாள் என்பதற்கு நிச்சயமாக ஒரு விடை இருந்தது.

"என்னங்கப்பா சொன்னாங்க?"

ஈஸ்வரமூர்த்தி வாயைத் திறந்தார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்திருந்தது. முப்பது வருஷமாக அவர் தினம் ஒரு தடவையாவது போய் நின்றுவிட்டு வருகிற இடம் அது. பிறகு மனது லேசாயிற்று. வெயில் நன்றாக இருந்தது. ரோடும் நன்றாக இருந்தது.

"முன்னாடி டோல்கேட்டு வருது," என்றார். "இடது லைன்ல கூட்டம் கம்மியா இருக்குது."

"அப்பா. அம்மா என்ன சொன்னாங்க?"

"அது கெடக்குது கண்ணு. ஹாஸ்டலுக்கு ஏதாச்சும் வாங்கோணுமா?"

நேத்ரா அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் ஒருவருக்கு மட்டுமே விடை தெரிந்த அந்தக் கேள்வியோடு, தன்னால் முடிந்த மட்டும் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். பிறகு அவளும் திரும்பி ரோட்டைப் பார்த்தாள்.